மேடையில் ஒரு நாற்காலி

யாஷ்,
1958 நவம்பர்

அன்புள்ள வியோரிகா அக்காவுக்கு,

ருக்ஸாந்த்ரா எழுதுவது. நலம். நீ அனுப்பிய கருவாடு வந்து சேர்ந்தது. பொட்டலத்தை யாரோ பிரித்துத் திரும்பக் கட்டியிருந்தார்கள். அதனால் இதைத் தபாலில் போடாமல் அரங்கத்தில் வேலை செய்கிற பராஸ்கிவாவின் மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவனுக்கு ரயிலில் வேலை.

கச்சேரி பற்றிக் கேட்டிருந்தாய். நாங்கள் நால்வர் பிராம்ஸ் எழுதிய இசையை வாசிப்பதாக இருந்தது: எமிலின் வயலின், ஹோரியாவின் வியோலா, என்னவர் செவெரினின் செல்லோ, என் பியானோ. திராட்சை அறுவடை சமயத்தில் எமில் ஒத்திகைக்கு வரவில்லை. மலைமேல் காசநோய் சானடோரியத்தில் சிகிச்சை என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள். அவன் இருமி நான் கேட்டதில்லை. எந்த மலை என்று அவன் மனைவிக்கே சொல்லவில்லை.

செவெரின் எதுவும் விசாரிக்கவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து எமிலின் பகுதியை எங்கள் மூவருக்கும் பிரித்து எழுதினார். மூவராக வாசித்தோம்.

ஹோரியா வாய் சும்மா இருக்காதே. "டேய் செவெரின், என் பங்கையும் இப்பவே எழுதி வச்சுடு. அப்புறம் அவசரத்துல எழுதினா தப்பு வரும்" என்றான். சிரித்தோம்.

இப்போது அவனுக்கும் சானடோரியம்தான். செவெரின் அவன் பங்கை உண்மையிலேயே எழுதி வைத்திருந்தார்.

நாங்கள் இருவராக வாசித்த அன்று மூன்றாம் வரிசையில் ஒரு புது ஆள். அரங்க வாசலில் எல்லோர் கோட்டையும் வாங்கி மாட்டுகிற பராஸ்கிவா பிறகு சொன்னாள்: "குடுங்கன்னு கைய நீட்டினேம்மா. 'குளிருது கிழவி'ங்கிறான். உள்ள அடுப்பு எரியுது, எல்லாருக்கும் வேர்க்குது. கோட்டக் கழட்டாதவன் பாட்டு கேக்கவா வந்திருப்பான்?"

முதல் பகுதி முடிந்ததுமே அந்த ஆள் கைதட்டினார். இங்கே முழுதும் முடியாமல் யாரும் தட்டமாட்டார்கள். ஒரு கணம் அந்தத் தட்டல் மட்டும் தனியாகக் கேட்டது. பிறகு ஒருவர். இன்னொருவர். பிறகு அரங்கம் முழுவதும். நிறுத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. செவெரின் வில்லைத் தூக்கியபடி காத்திருந்தார்.

இந்தச் சனிக்கிழமை அவர் மட்டும். பாக் எழுதிய தனிச் செல்லோ இசை. "ஒரே ஆளா மேடைய நிரப்பிடுவீங்க தோழர்" என்று அரங்க இயக்குநர் தோளில் தட்டினாராம். பக்கம் புரட்டவாவது நான் வருகிறேன் என்றேன். "எனக்கு மனப்பாடம், ருக்ஸா. நீ வீட்டுல இரு. கேட்டா தலைவலின்னு சொல்லு."

தனிக் கச்சேரிக்குப் பிரித்து எழுத எதுவும் இல்லை. ஆனாலும் எழுதிக்கொண்டிருந்தார். காபி வைக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். செல்லோவும் பியானோவுமாக இருவர் வாசிக்க வேண்டிய பிராம்ஸின் சொனாட்டா. செல்லோவின் குரல் முழுவதையும் என் இடது கைக்கு மாற்றியிருக்கிறார். என் சின்னக் கைக்கு எட்டுகிற மாதிரி விரல் எண்கள்கூடப் போட்டிருக்கிறார்.

"முதல்ல கஷ்டமா இருக்கும். பழகிடும்."

காபி பொங்கி அடுப்பை அணைத்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதை இன்னும் வாசிக்கவில்லை. வாசித்தால் பழகிவிடும்.

அக்கா, நீ வர வேண்டாம். பதில் மட்டும் போடு. என் பெயருக்கு அல்ல, அவர் பெயருக்கு. பதிவுத் தபாலில் அனுப்பு. உரியவரே கையெழுத்துப் போட்டால்தான் இங்கே தபால்காரர் கொடுப்பார். சனிக்கிழமை கழிந்து அடுத்த வாரம் வந்து சேருகிற மாதிரி அனுப்பு. அவரே வாசலுக்கு வந்து வாங்கட்டும்.

உன் வீட்டு மனிதர்கள் எல்லோரும் உன் வீட்டிலேயே இருக்கட்டும்.

உன் தங்கை,
ருக்ஸாந்த்ரா