லயத்துக்குள்ளேயே சுற்றிய வோட்டு

கீழ்க்கணக்கு லயம்,
லுணுகலை.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுதர்ஷினிக்கு,

உன் ஜெயரூபன் எழுதுவது. நானும் லதுஷாவும் சுகம். பிள்ளைக்கு இருமல் விட்டுவிட்டது. போன வெள்ளிக்கிழமை போனில் பேசும்போது சொல்ல நினைத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. கடைவீதி றுஷ்தா விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாராம். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். முழுதும் வாசித்த பிறகு திட்டு.

இங்கே மழை விடவேயில்லை. அடுப்படிப் பக்கம் தகரம் ஒழுகுகிறது. வாளி வைத்துச் சமாளிக்கிறோம்.

விஷயம் அந்த பிளாக்செயின் தளத்தைப் பற்றித்தான். முதலாளி இல்லாத பேஸ்புக், வீடியோ போடுகிறவனுக்கே காசு என்று உன்னிடம் அளந்தேனே, அதுதான். பார்க்கிறவர்கள் வோட்டுப் போட்டால் நமக்குக் காயின் விழும். பதுளையில் போன் கடை வைத்திருக்கும் ஸனூஸ் அதை ரூபாயாக்கித் தருவார். முதல் மூன்று மாதம் உண்மையாகவே வந்தது. அந்த மிதப்பில்தான் தேயிலைத் தொழிற்சாலை வேலையை விட்டேன். தீபாவளிக்கு உன்னிடம், இந்த இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி கையெழுத்துப் போடாதே, வந்துவிடு என்று சொன்னதும் அந்த மிதப்பில்தான்.

பிறகு நம் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் நாற்பத்து மூன்று பேரை அதில் சேர்த்தேன். ஆள் கூடினால் தளம் வளரும், காயின் விலை ஏறும் என்று நினைத்தேன். நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே. தங்கள் வீட்டுச் சடங்குக்கு வந்து முறை செய்தவருக்குத் திருப்பிச் செய்யாமல் விடமாட்டார்கள். வோட்டையும் அப்படியே செய்தார்கள். அடுத்த வீட்டுப் பெரியாயி அக்கா கறிவேப்பிலைச் செடியைப் படம் பிடித்துப் போட்டாலும் அத்தனை வோட்டும் விழும். ஒருவர் போட மறந்தால், என்ன கோபம் என்று வீடு தேடிப் போய் விசாரிப்பார்கள். ஆனால் யாரும் யாருடையதையும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

தளம் முழுவதுமே அப்படித்தான் என்று பிறகுதான் புரிந்தது. எல்லா நாட்டிலிருந்தும் காசுக்கு வீடியோ போட வந்தவர்கள்தான் இருந்தார்கள், பார்க்க வந்தவர் இல்லை. ஆள் சேரட்டும் என்று தளத்தை நடத்துகிறவர்கள் காயினை அள்ளி விட்டார்கள். கிடைத்ததை எல்லாரும் அன்றைக்கே விற்றோம், நானும்தான். வாங்க ஆளில்லாமல் விலை விழுந்தது. தை மாதம், நாங்கள் எல்லாரும் ஒரே ஆளின் கள்ளக் கணக்குகள், மாற்றி மாற்றி வோட்டுப் போட்டு ஏமாற்றுகிறோம் என்று சொல்லி லயம் மொத்தத்துக்கும் காயின் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இல்லை, இது எங்கள் வழக்கம் என்று நாலு முறை எழுதினேன். பதில் இல்லை.

ஒரே வாரத்தில் எல்லாரும் தளத்தை விட்டுப் போய்விட்டார்கள். காசில்லாவிட்டாலும் போடுங்கள் அக்கா என்று பெரியாயி அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். "சம்பளமில்லாம கொழுந்து பறிக்கச் சொல்றீங்களே தம்பி" என்று சிரித்துவிட்டுப் போனார். அவருக்குக் கோபமில்லை. எனக்குத்தான் கூசியது. காலையில் அவர்கள் எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போகுமுன் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகிறார்கள், நான் வாசலில் நிற்கிறேன். தொழிற்சாலையில் மூன்று முறை கேட்டுவிட்டேன். ஆள் நிரம்பிவிட்டதாம்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் லதுஷாவுக்கு ரொட்டி தட்டிய வீடியோவைக் கடைசிவரை பார்த்தவர் ஒரே ஒருவர், அதுவும் குவைத்திலிருந்து என்று காட்டியது. அது நீதான். உனக்கு வோட்டுப் போடக்கூடத் தெரியாது.

உன் ஒப்பந்தம் இருபத்தைந்தாம் தேதி முடிகிறது. கையெழுத்துப் போட்டுவிடு, சுதா. நீ வேலை செய்கிற அந்த வீட்டு அம்மா உன்னை எப்படி நடத்துகிறார் என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். வேறு வழி இருந்தால் கேட்பேனா? பார்த்தேன், இல்லை.

லதுஷா முடி வெட்டவிடமாட்டேன் என்கிறாள். அம்மா வந்து பின்னிவிடட்டும் என்கிறாள். நீ இப்போதைக்கு வரமாட்டாய் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போனில் நீயே சொல்லிவிடு. நீ சொன்னால் அழுது ஓய்வாள். நான் சொன்னால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

முருகன் உன் உடம்பைச் சுகமாக வைத்திருக்கட்டும். மன்னித்துவிட்டேன் என்று எழுதாதே. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
ஜெயரூபன்