சருகை யாரும் எடுக்கக் கூடாது

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. நான் நலம். மற்றவர்களின் நலத்தை உங்கள் அண்ணன் போனில் தவறாமல் சொல்லிவிடுகிறார், கூடவே என்மேல் உள்ள குறைகளையும். அவர் சொன்னதைக் கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் நேற்று வந்தது. வீட்டில் விஷப்பூச்சி வளர்க்கிறாயாமே, உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பூச்சி வளர்ப்பது உண்மைதான்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் கப்பலிலிருந்து கூப்பிடும் நேரம் பார்த்து ஹாலில் எல்லோரும் கூடிவிடுகிறார்கள். என் போனுக்கே வந்தாலும் அத்தை, "ஸ்பீக்கர்ல போடும்மா, நானும் என் புள்ள குரலைக் கேக்கறேன்" என்கிறார். அத்தனை காதுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு புருஷனிடம் என்ன பேசுவது? சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்பதற்கு மேல் வாய் வரமாட்டேன் என்கிறது. காகிதத்தில் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது.

எங்கள் கண்ணாடிக் கடையில் மீன் தொட்டிக்கு ஆர்டர் கொடுத்தவர் அதை வாங்க வரவே இல்லை. வெட்டி ஒட்டியது நான்தான் என்பதால் முதலாளி, "எடத்தை அடைக்குது, நீயே எடுத்துட்டுப் போ" என்றார். நம் பின்னறையில் ஜன்னலோரம் வைத்தேன். மீன் வாங்கத்தான் நினைத்திருந்தேன். அதற்குள் கடையில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு குட்டிச் சிலந்தி மாட்டிக்கொண்டது. வலை கட்டாமல் பூனை மாதிரிப் பதுங்கிப் பாயும் வகை. நான் விரலை நகர்த்தினால் அதுவும் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் வேலை செய்வதை அவ்வளவு கவனமாக இதற்கு முன் பார்த்த ஒரே ஆள், ஜன்னல் கண்ணாடி வாங்க வந்து காரணமில்லாமல் ஒரு மணி நேரம் நின்ற நீங்கள்தான். டீ கிளாஸால் மூடி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மீன் வராத அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டுவிட்டேன்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கிளையில் தலைகீழாகத் தொங்குகிறது ஒரு கும்பிடுபூச்சி. கும்பிட்டுக்கொண்டே கழுத்தைப் பிடிப்பதால் அதற்கு வக்கீல் என்று பெயர் வைத்திருக்கிறேன். மேல் மூலையில் வலை கட்டியிருப்பது ஓனரம்மா. வலை கட்டிய நாளிலிருந்து இடத்தை விட்டு நகரவில்லை. மரப்பட்டைக்கு அடியில் கறுப்புப் பூச்சிகள் நான்கு. ஊசி மாதிரி மூக்கால் குத்தி உறிஞ்சிவிடும், ஆகவே கையை விடமாட்டேன். தரையில் மணல் பரப்பி அதில் குழியானையை விட்டிருக்கிறேன். குழி பறித்து அடியில் உட்கார்ந்து, எந்த எறும்பு சறுக்கி விழும் என்று நாளெல்லாம் காத்திருக்கும். முதலில் வந்த குட்டிச் சிலந்திக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். கண்ணாடி முழுக்க ரோந்து போகும்.

எல்லாமே அடித்துத் தின்னும் வகையாயிற்றே, ஒன்றையொன்று தின்றுவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தின்னும். ஆரம்பத்தில் இரண்டு கும்பிடுபூச்சிகளை விட்டேன், பேச்சுத்துணைக்கு ஆகட்டும் என்று. மறுநாள் ஒன்றுதான் இருந்தது, கொஞ்சம் பருத்து. வயிறு நிரம்பியிருந்தால் பக்கத்தில் போகிறவனைக் கண்டுகொள்வதில்லை என்று அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். ஆனால் வயிறு மட்டும் போதாது. மற்றவன் கண்ணில் படாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு மறைவு வேண்டும். கிளை, பட்டை, சருகு, மணல் எல்லாம் அதற்குத்தான். பார்க்கிறவர்களுக்குக் குப்பை. மறைவு இருந்தால் இந்தக் கொலைகாரக் கூட்டம் மாதக்கணக்கில் சண்டையில்லாமல் இருக்கிறது, நானே கண்ணால் பார்க்கிறேன்.

அத்தைக்கு முட்டிவலி பரவாயில்லை. சீரியல் முடிந்ததும் பூச்சிப் பெட்டி முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறார். கறிக்கடையிலிருந்து நான் பிடித்துவரும் ஈக்களை அவரே உள்ளே விடுகிறார். "சீரியல்ல வில்லி யாருன்னு தெரியறதுக்கே ஆறு மாசம் ஆவுது, இங்க உடனே தெரிஞ்சுடுது" என்கிறார்.

இன்னொரு விஷயம். பின்னறையை அண்ணன் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. யாரும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. அக்கா, உங்கள் அண்ணிதான், துணி மடிக்கும்போது, "நீ ஹால்ல அத்தைகூடப் படுத்துக்கிட்டா அவங்களுக்கும் தொணையா இருக்கும்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நானும் சுவரைப் பார்த்து, "அது என் புருஷன் ரூமு, அவர்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். கேட்டால் நல்ல பதிலாகச் சொல்லுங்கள்.

இஞ்சின் அறைச் சூட்டில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.

உங்கள்
கண்ணாடிக்காரி

* * *

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்ததும் உட்கார்ந்து படியுங்கள். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் மட்டும்தான். அது ஆறுவதற்குள் எழுத வேண்டும் என்றே எழுதுகிறேன்.

வெளியூரில் ஒரு பெரிய நகைக்கடைக்கு முகப்புக் கண்ணாடி பொருத்தும் வேலைக்கு முதலாளி என்னை அனுப்பினார். ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு கண்ணாடி, ஆறு பேர் ரப்பர் உறிஞ்சுபிடியை ஒட்ட வைத்துத் தூக்க, நான் அளவு பார்த்து உட்கார வைத்தேன். ஒரு கீறல் விழவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன். ஈ விடும் பொறுப்பை அத்தையிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போயிருந்தேன், அவரும் ஒரு நாள் தவறாமல் விட்டிருக்கிறார்.

பின்னறைக்குள் நுழைந்தால் பெட்டி பளபளவென்று இருந்தது. நான் போன மறுநாளே, அண்ணனோடு வியாபாரம் செய்கிறவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்று அக்கா வீட்டையே கழுவித் துடைத்திருக்கிறார். அந்தக் கையோடு பெட்டியையும் சுத்தம் செய்துவிட்டார். பூச்சிகளைத் துடைப்பக்குச்சியால் பத்திரமாக ஓரம் தள்ளிவிட்டு, கிளையையும் பட்டையையும் சருகையும் அள்ளிக் குப்பையில் கொட்டி, மணலை வாரி எடுத்து, மூலையில் இருந்த "ஒட்டடை"யை அடித்து, அடியில் வெள்ளைப் பேப்பர் விரித்து வைத்திருக்கிறார். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். ஊசி மூக்குப் பூச்சிக்குப் பயந்து கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு செய்திருக்கிறார் என்றால் பாருங்கள்.

குழியானை மணலோடு போய்விட்டது. வலை போன ஓனரம்மாவுக்கு வெள்ளைப் பேப்பரில் நடந்து பழக்கமில்லை, அவளை வக்கீல் பிடித்துவிட்டார். அதை அத்தையே பார்த்திருக்கிறார். வக்கீலுக்குச் சட்டை உரிக்கும் நேரம். கிளையில் தலைகீழாகத் தொங்கினால்தான் பழைய தோலிலிருந்து கழன்று வர முடியும். வழுவழுத்த கண்ணாடியில் எதைப் பிடித்துத் தொங்குவது? பாதி உரித்த நிலையில் கீழே விழுந்து கால் மடங்கிக் கிடந்திருக்கிறார். மிச்சத்தைக் கறுப்புப் பூச்சிகள் பார்த்துக்கொண்டன. பிறகு அவற்றுக்குள்ளேயே தகராறு. நான் வரும்போது இரண்டு கறுப்புப் பூச்சிகளும், மூடிக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரும்தான் பாக்கி. தினமும் ஈ விழுந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. பட்டினியால் யாரும் சாகவில்லை.

அக்கா அழுதுவிட்டார். "குப்பைன்னு நெனச்சேன்டி, சத்தியமா தெரியாது" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, இதை அவரிடமே சொல்லிவிட்டேன். என் கோபம் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நடந்ததைப் பற்றியது. உங்கள் அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இதுவும் நல்லதுக்குத்தான். அந்த ரூமைப் புள்ளைங்களுக்குக் குடுத்துடலாம். அவன் வருஷத்துல பாதி நாள் கடல்ல. புள்ளகுட்டி இல்லாத ஆளுக்கு எதுக்குத் தனி ரூமு" என்றார்.

மனிதர் கெட்டவர் இல்லை. என் காய்ச்சலுக்கு வெயிலில் அலைந்து மருந்து வாங்கி வந்தவர்தான். அதனால்தான் அந்தச் சொல் இன்னும் வலிக்கிறது. நானும் நீங்களும் எத்தனை டாக்டர் வாசலில் உட்கார்ந்தோம் என்று அவருக்குத் தெரியும். கடைசி டாக்டரின் வாசலில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, போதும் வா, நமக்கு நாம் போதும் என்று சொன்னது மட்டும் அவருக்குத் தெரியாது. அந்த "நமக்கு நாம்" இருப்பது அந்தப் பின்னறையில்தான். நீங்கள் இல்லாத மாதங்களில் நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதும், பாட்டுப் போட்டுக்கொண்டு ஆடுவதும் அங்கேதான். ஆடுவேன், தெரியுமா உங்களுக்கு? பெட்டியில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

நான் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, "பிள்ளை இல்லைன்னா ஆளே இல்லைன்னு அர்த்தமில்லை அத்தான். நான் இருக்கேன். நான் ஒரு முழு ஆளு" என்று சொன்னேன். முழுசாகச் சொல்லி முடித்தேன். அத்தை என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

இனி நான் கேட்பது ஒன்றே ஒன்று. இந்த முறை அண்ணனுக்கு எழுதாதீர்கள், எனக்கு எழுதுங்கள். அந்த அறை யாருடையது? வளைக்காமல் ஒரே வரியில் சொன்னால் போதும். உங்கள் பதில் வரும்வரை என் பாயை ஹாலில் விரிக்கமாட்டேன்.

உங்கள்
கண்ணாடிக்காரி

* * *

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பதில் வந்தது. ஒரு வரி கேட்டேன், ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கூட்டுக் குடும்பம் என்றால் அனுசரித்துப் போக வேண்டும், அண்ணன் என்னைத் தூக்கி வளர்த்தவர், நான் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம், அதுவரை நீ ஹாலில் படுத்துக்கொள் என்று. எல்லாம் படித்தேன். வீட்டுக்குள் நுழையும் முன் கால் கழுவுவது போல, ஒவ்வொரு பத்தியிலும் "தப்பாக நினைக்காதே" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். தப்பாக நினைக்கவில்லை. உங்களுக்குச் சண்டை பிடிக்காது என்பதைத் தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். எனக்குப் பிடிக்காதது என்ன என்று இப்போது நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் வீட்டை விட்டு வந்துவிட்டேன்.

பதறாதீர்கள். கடைக்கு மேலே முதலாளி மரச்சட்டம் போட்டு வைத்திருந்த அறைக்குத்தான் வந்திருக்கிறேன். அவரிடம் கேட்டேன், "மாடிப்படி செங்குத்தா இருக்குமேம்மா" என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லாமல் சாவியைக் கொடுத்தார். ஒரு ஜன்னல், அதற்குப் புதுக் கண்ணாடி நானே போட்டேன். தண்ணீர்க் குழாய் உள்ளேயே இருக்கிறது. பகலெல்லாம் கீழே அறுக்கும் மெஷின் சத்தம், சாயங்காலம் கடை சாத்தினால் அமைதி. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. முதல் வேலையாக அதற்கு எண்ணெய் போட்டேன்.

யாரும் என்னைத் துரத்தவில்லை, நானும் யாரையும் திட்டிவிட்டு வரவில்லை. ஊர் பார்க்க மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவளும் இல்லை. பட்டப்பகலில், எல்லோரும் வீட்டில் இருக்கும்போது சொல்லிக்கொண்டுதான் வந்தேன். உங்கள் அண்ணன், "நாலு பேரு என்ன பேசுவாங்க" என்றார். "நாலு பேருக்கும் கடை விலாசத்தைக் குடுத்துடுங்க அத்தான், நேராவே வந்து பேசட்டும்" என்றேன். அத்தைதான் வாசல் வரை வந்து, "என் புள்ளையையும் பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிடுவியா?" என்று கேட்டார். அவர் கண்ணைப் பார்த்து, "உங்க புள்ளைக்குக் காலு இருக்கு அத்தை, அவரு எங்க நடக்கிறாரோ அது அவரு இஷ்டம்" என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டு வருகிறேன். அந்த வீட்டோடு எனக்கு உறவு முறியவில்லை, அங்கே எனக்கு மறைவு இல்லை, அவ்வளவுதான்.

பெட்டியைத் தூக்க எனக்குக் கைகொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அக்கா. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான், செங்குத்தான படியில் மூச்சு வாங்க ஏற்றினோம். மறுநாள் தனியாக வந்தார், பை நிறையச் சருகும் பட்டையும் கொண்டு. பூங்காவில் பொறுக்கினாராம், காவல்காரர் ஒரு மாதிரி பார்த்தாராம். ரொம்ப நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, "எப்பவாவது மத்தியானத்துல சும்மா வந்து உக்காந்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டை ஆளுகிறவர் என்று நான் நினைத்திருந்த மனுஷி என்னிடம் அனுமதி கேட்டார். வாங்க என்றேன். சாவி வைக்கும் இடத்தையும் காட்டினேன்.

பெட்டியில் இப்போது புது வக்கீல் ஒருவர் சேர்ந்திருக்கிறார், விரல்நகம் அளவுதான். இன்ஸ்பெக்டர் அவரை நெருங்கி வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சருகுக்குள் போய்விட்டது. கறுப்புப் பூச்சிகள் பட்டைக்கு அடியில். ஒரு மாதமாக ஒரு கொலை இல்லை.

உங்களைப் பற்றி மட்டும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கப்பல் கரைக்கு வந்ததும் நீங்கள் எந்த விலாசத்தைச் சொல்லி வண்டி ஏறுவீர்கள் என்று கேட்கமாட்டேன். அந்த வீட்டுக்குப் போனால் நான் அங்கே வந்து அழைக்கமாட்டேன். திரும்பி வந்து ஹாலில் பாய் விரிக்கவும் மாட்டேன். இதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ளமாட்டேன் என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

கட்டில் செய்யத் தச்சரை வரச் சொல்லி அளவு கொடுத்தேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "தனியாத்தானேம்மா இருக்கீங்க, எதுக்கு இவ்வளவு அகலம்?" என்றார். எங்க வீட்டுக்காரருக்குக் கப்பல்ல ஒடுங்கிப் படுத்துப் படுத்து, கரைக்கு வந்தா நல்லாப் புரண்டு படுக்கணும் என்று சொன்னேன். அவர் நம்பிவிட்டார். கட்டில் வந்து இறங்கியிருக்கிறது, அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நல்ல மனிதர் அந்தத் தச்சர். அவரிடம் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உங்கள்
கண்ணாடிக்காரி