நான்கு கயிற்றுக் கபடி

நாள் 41, 07:10

நிலவின் தென்துருவப் பனிச் சுரங்கம், தொழிலாளர் குடியிருப்பு. எழுதுபவர்: ஜெபசெல்வி, உடற்பயிற்சிக் கருவிப் பொறியாளர்.

முப்பது கருவிகளும் ஓடுகின்றன. நேற்றைய காயங்கள்: உடைந்த பல் ஒன்று, கிழிந்த உதடு இரண்டு, கணுக்கால் சுளுக்கு ஒன்று. குடியிருப்பின் மனநிலை மதிப்பெண் உயர்ந்திருக்கிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: இங்கே உடம்பின் எடை ஆறில் ஒரு பங்குதான். பயிற்சி இல்லாவிட்டால் எலும்பு மக்கிவிடும். நான் வருவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் எட்டடி அறையில் தினமும் இரண்டு மணி நேரம் நிலைசைக்கிள் மிதித்தார்கள். எதிரே வெறும் சுவர். மூன்றாம் மாதம் ஒருவன் மிதித்துக்கொண்டே நெற்றியைச் சுவரில் மோத ஆரம்பித்தான். பக்கத்து அறைக்காரன் அதை யாரோ ஆணி அடிக்கும் சத்தம் என்று நினைத்தான். மோதியவன் செத்த பிறகுதான், அறைக்குள் செய்யும் பயிற்சியை விளையாட்டாக மாற்றச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

நான் கபடி செய்தேன். நெஞ்சுக் கவசத்திலும் காலிலும் நான்கு கயிறுகள். சுவரிலிருந்து இழுக்கும் அந்தக் கயிறுகள்தான் பிடிக்கிற ஆட்கள். எதிர்ச் சுவர் விளக்கைத் தொட்டுவிட்டு, மூச்சு விடாமல் 'கபடி கபடி' பாடிக்கொண்டே கோட்டுக்குத் திரும்ப வேண்டும். யார் ஆடுகிறார் என்பதைக் குரலை வைத்துக் கருவி அறியும். அவருடைய பலத்துக்கு ஏற்ப இழுப்பைத் தினமும் கூட்டும்.

நாள் 44, 17:30

அறைபேசியில் பதிவானது. மூன்றாம் அறை சுயம்பு, நான்காம் அறை பேச்சிமுத்து. இருவரும் பனி வெட்டுபவர்கள். ஒரே ஊர்.

"ஏல பேச்சி, என்னல ஒன் அறையில பன்னியப் புடிக்கிற மாதிரி சத்தம்?"

"நான் மாவட்டத்துக்கு ஆடுனவம்ல. நீ கயித்துக்கிட்ட அடி வாங்கிட்டு அழுவுற சத்தம்தான் சுரங்கம் பூரா கேக்கு."

"அழுவலடே, பாடுதேன்."

ஆறு மாதத்தில் இந்தக் கட்டடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது இப்போதுதான் என்று சமையற்கட்டில் சொன்னார்கள்.

நாள் 50, 08:20

சுயம்புவுக்குக் காய்ச்சல். நாள் 60இல் ஊருக்குக் கப்பல். அதில் ஏற, கடைசிப் பத்து நாளும் பயிற்சி விடாமல் இருக்க வேண்டும். பிறகு மேலாளர் முன்னிலையில் தேர்வு. இதைத் தவறவிட்டால் அடுத்த கப்பல் பதினான்கு மாதம் கழித்து. அதற்குள் அவன் எலும்பு பூமியில் இறங்கவே லாயக்கில்லாமல் போய்விடும் என்று மருத்துவக் கருவி சொல்லிவிட்டது. அதாவது, இந்தக் கப்பல் இல்லாவிட்டால் அவனுக்கு ஊர் கிடையாது.

மேலாளர் வெங்கடவரதனிடம் விடுப்பு கேட்டேன். பதில்: "காய்ச்சலுக்கெல்லாம் விதியில இடம் இல்லை மேடம். நாளைக்கு முப்பது பேருக்கும் காய்ச்சல் வரும்."

அவர் அறையில் கயிறு கிடையாது. மேலாளர்களுக்குச் சுழலும் அறை உண்டு; உள்ளே பூமியின் எடை.

நாள் 51, 09:05

மூன்றாம் அறைக் கருவி எச்சரிக்கிறது: குரல் பொருந்தவில்லை. கேட்டுப் பார்த்தேன். பாடுவது பேச்சிமுத்து. நண்பனின் அறைக்குப் போய், அவன் கவசத்தை மாட்டிக்கொண்டு ஆடுகிறான்.

எங்கள் ஊர் உப்பளத்தில் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால், பக்கத்துப் பாத்திக்காரி அவள் பெயருக்கும் சேர்த்து உப்பு வாருவாள். கங்காணி வந்து கேட்டால் "ஒதுங்கப் போயிருக்கா" என்பார்கள். என் அம்மா எத்தனையோ பேருக்கு வாரியிருக்கிறாள். நான் பிறந்தபோது அவளுக்காக மற்றவர்கள் வாரினார்கள்.

எச்சரிக்கையை அழித்தேன். காரணம்: 'சளியால் குரல் மாற்றம்.' புதிய குரலையும் சுயம்புவின் குரலாக ஏற்கச் சொன்னேன். நல்ல காரியம் செய்த திருப்தி.

நாள் 58, 10:00

எட்டு நாளும் பேச்சிமுத்து ஆடிவிட்டான். நாளையும் அவன்தான். மூன்றாம் அறை இப்போது ஆட்ட மதிப்பெண் பட்டியலில் முதலிடம். சுயம்பு எழுந்து கஞ்சி குடிக்கிறான். "எக்கா, நான் படுத்துக்கிட்டே சாம்பியன் ஆயிட்டேன்" என்று அறைபேசியில் சொன்னான்.

நாள் 60, 10:40

வரிசையாக எழுதுகிறேன்.

09:55 சுயம்புவின் தேர்வு தொடங்கியது. மேலாளர் எதிரே இருந்ததால் அவனே ஆட வேண்டும்.

10:02 தேர்வுக்குக் கருவி கடைசி இழுப்பளவை எடுக்கும் என்பது எனக்கு நினைவு வந்தது. அந்த நிரலை எழுதியவளே நான். ஒன்பது நாளாக அது கற்றுக்கொண்டது பேச்சிமுத்துவின் உடம்பை. தொண்ணூறு கிலோ, காளை மாதிரி.

10:02 தேர்வு ஓடும்போது என் மேசை நிறுத்தப் பொத்தான் செயல்படாது; மேலாளரால்தான் நிறுத்த முடியும். அவரை அழைத்தேன். "நிறுத்துங்க சார், இழுப்பு அதிகம், நிறுத்துங்க." அவர்: "தேர்வு ஓடிட்டிருக்கு மேடம். அப்புறம் பேசுங்க."

10:03 சுயம்பு விளக்கைத் தொட்டான். நான்கு கயிறுகளும் ஒரே நேரத்தில் இழுத்தன. இடது கால் இடுப்பிலிருந்து கழன்றது. தலை சுவரில் அடித்தது. பாட்டு 'கப' என்பதோடு நின்றது. நின்றால் கயிறு தளரும்படிதான் செய்திருக்கிறேன். தளர்ந்தது. முதல் இழுப்பிலேயே கழுத்து ஒடிந்திருந்தது.

நாள் 60, 15:20

மேலாளரின் அறிக்கை: 'பணியாளரின் கவனக்குறைவு.' உடலை அனுப்ப எடை அனுமதி இல்லையாம். சுயம்புவின் இருக்கையில் பனி மாதிரிகளைக் கட்டி அனுப்புகிறார்கள்.

அறிக்கையை அவரே ஒலிபெருக்கியில் படித்தார். முட்டாள்.

நாள் 60, 16:05

சமையற்கட்டில் பாத்திரங்கள் பறக்கும் சத்தம். மேலாளரின் காவலர்கள் இருவரைத் தொழிலாளர்கள் வளைத்துக்கொண்டார்கள். ஒருவனின் கையைப் பனி வெட்டும் கத்தியால் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். இங்கே ரத்தம் மெதுவாகத்தான் விழும். நடைபாதைக் கேமராவில் அது இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. இன்னொருவன் ஓடிவிட்டான்.

16:20 மேலாளரை மூன்றாம் அறைக்கு இழுத்துப் போகிறார்கள். கவசம் மாட்டுகிறார்கள்.

16:22 பேச்சிமுத்து அறைபேசியில்: "எக்கா, நீ ஒண்ணும் செய்யாண்டாம். நிறுத்துற பொத்தானத் தொடாம இரு, அது போதும். நீ நம்ம புள்ள."

பொத்தான் என் மேசையில் இருக்கிறது. தொடவில்லை.

16:24 "பாடுல! பாடு!" என்று கத்துகிறார்கள். அவர் திக்கித் திக்கிப் பாடுகிறார். பூமியின் எடையில் வாழ்ந்த உடம்பு. இரண்டு இழுப்பைத் தாங்கிவிட்டது.

16:26 மூன்றாவதற்கு முன் அவர் அலறியது, அப்படியே: "நான் இல்லப்பா! எச்சரிக்கை வந்திருக்கு, அந்தப் பொண்ணு அழிச்சிருக்கா! சளின்னு எழுதி அழிச்சிருக்கா! பதிவைப் பாருங்க!"

16:27 மூன்றாவது இழுப்பு. பாட்டு நின்ற பிறகும் கயிறு தளரவில்லை. யாரோ கையால் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள்.

16:31 மூன்றாம் அறைத் திரையில் பதிவைத் திறந்திருக்கிறார்கள். படிக்கிறார்கள்.

16:33 நடைபாதையில் வருகிறார்கள். ஐந்து பேர். கத்தி ஒருவன் கையில் மட்டும்.

கண்டெடுப்பவருக்கு. அவர் சொன்னது உண்மை. நான் செய்தது. காய்ச்சல்காரனை ஆட வைத்தது அவர், அவன் பிழைக்கட்டும் என்று கருவிக்குப் பொய் சொன்னது நான். மற்ற இருபத்தொன்பது கருவிகளின் இழுப்பையும் பூஜ்யமாக்கிவிட்டேன். திரும்ப ஏற்றாதீர்கள். யாராவது ஏற்றச் சொன்னால் முதலில் அவனைக் கட்டுங்கள்

16:35 கதவு. பேச்சிமுத்துவின் குரல், மூச்சு வாங்குகிறது.

"எக்கா. தொற. அவன் பொய்தானக்கா சொன்னான்? பொய்னு சொல்லிரு. போயிருதோம்."

பூட்டு என் பக்கம். பொய் என்று சொன்னால் போய்விடுவார்கள்.

16:36 "எக்கா?"

16:36 திறக்கிறேன். சொல்லப்போவது உண்மையை.