மீன் இல்லாத தொட்டி

ஜூலை 20, ஞாயிறு

தொட்டி வந்தாகிவிட்டது. கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில். ஒரு முனையை நானும் மறுமுனையை வீட்டுக்காரரும் பிடித்துத் தூக்கி வைத்தோம். மணலை அலசி அலசி இடுப்பு விட்டுப்போயிற்று. தண்ணீர் ஊற்றியதும் அரிசி களைந்த நீர் மாதிரி கலங்கி நின்றது. பரவாயில்லை, தெளியும்.

மீன் இப்போதைக்கு இல்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது மீனுக்கே விஷம். அதைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர் ஃபில்டர் பஞ்சில் வளர வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வெறும் தண்ணீரில் தினம் ஒரு சிட்டிகை மீன்தீனி போட்டு அழுகவிட வேண்டும். எல்லாம் போனில் பார்த்துப் படித்ததுதான். தொட்டி விற்ற வேடியப்பனோ, நாளைக்கே மீன் விடலாம் என்கிறார்.

விட மாட்டேன்.

ஜூலை 23, புதன்

வீட்டுக்காரரின் அண்ணன் அன்பரசன் மாமா வந்தார். தொட்டி முன்னால் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னா வினோதினி, வெறும் தண்ணிய காட்சிக்கு வச்சிகினு இருக்க?”

விளக்கினேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். மாமா சிரித்தது எனக்கு ஒன்றுமில்லை. இவர் சிரித்தாரே!

வேங்கிக்காலில் இந்த வீட்டைக் கட்டியபோது ஜன்னல் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று சொன்னது மாமா. கூடத்துக்குக் கிளிப்பச்சை அடிக்கச் சொன்னதும் மாமா. பதினோரு வருடமாகக் கிளிப்பச்சையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். இந்த வீட்டில் யாரையும் கேட்காமல் நான் வாங்கி வைத்த ஒரே பொருள் இந்தத் தொட்டி.

ஜூலை 29, செவ்வாய்

தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டேன். மஞ்சள் கரும்பச்சையாக மாறியது. அம்மோனியா ஏறுகிறது, நுண்ணுயிருக்கு இரை. கூடத்தில் லேசாக நாற்றம் வேறு. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆபீஸில் பதவி உயர்வு ஆர்டர் வந்துவிட்டது. இளநிலை உதவியாளரிலிருந்து உதவியாளர். இடம் கீழ்பென்னாத்தூர்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடச் சொல்லித் தம்பிக்குப் போன். பொம்பளைக்கு எதற்கு அவ்வளவு தூரம் என்றாராம். எவ்வளவு தூரம்? பஸ்ஸில் உட்கார்ந்து கண் அசருவதற்குள் வந்துவிடுகிற ஊர்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று இவரைக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றாராம். யார் யோசிக்கப் போகிறார்கள்? நானா, அண்ணன் தம்பி இரண்டு பேருமா?

ஆகஸ்ட் 9, சனி

கோபத்தில் எழுத்து கோணலாக வருகிறது.

பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்ற வந்த உறவுக்காரர்கள் மாமா வீட்டில் தங்கியிருந்தார்கள். இன்று மதியம் இங்கே சாப்பாடு. வாழை இலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தால் தொட்டிக்குள் ஆறு தங்கமீன்.

வெறும் தொட்டி வைத்திருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மாமா வாங்கி வந்து விட்டுவிட்டார். எல்லாரும் ‘அழகா இருக்கு, அழகா இருக்கு’ என்று போட்டோ எடுத்தார்கள். நான் இலை போட்டேன், பரிமாறினேன், சிரித்தேன்.

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகின்றன. நஞ்சில் கொண்டுபோய் விட்டால் பின்னே?

எல்லாரும் போனதும் இவரைக் கேட்டேன். “நீங்க பாத்துகினுதானே இருந்தீங்க?”

“அண்ணன் ஆசையா கொண்டாந்தாரு வினோ. வேணாம்னு எப்படி சொல்றது?”

வேணாம்னு சொல்றது எப்படின்னு இந்த வீட்ல ஒருத்தருக்கும் தெரியாதா? எனக்கும்தான் தெரியல. தெரிஞ்சா இவ்ளோ நாள் சொல்லியிருக்க மாட்டனா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் ஒன்று செத்துக் கிடந்தது. மதியத்துக்குள் இன்னும் இரண்டு.

இந்தத் தொட்டியில் நான் விட நினைத்தது கப்பி மீன்கள். தங்கமீன் என் கணக்கிலேயே இல்லை. அதற்காக வந்ததைச் சாகவிட முடியாது. டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் பாதித் தொட்டியை மாற்றினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அப்படியே ஊற்றக்கூடாது.

பிறகு தேரடி வீதிக்குப் போய் வேடியப்பனிடம், அவர் கடைத் தொட்டி ஃபில்டரிலிருந்து கழுவாத பஞ்சு கொஞ்சம் வேண்டும் என்றேன். அதில் நுண்ணுயிர் ஏற்கெனவே குடியிருக்கும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“புதுப் பஞ்சு இருக்கு மேடம்.”

“அழுக்குதாண்ணா வேணும்.”

ஈரம் காயாமல் கவரில் கட்டிக் கொடுத்தார். என் ஃபில்டருக்குள் திணித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மூன்றும் உயிரோடு இருக்கின்றன. தண்ணீர் மாற்றினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் மாமா வந்தார். செத்ததைப் பற்றிக் கேட்டுவிட்டு, போனால் போகிறது, நாளைக்கு வேறு ஆறு வாங்கி வருகிறேன் என்றார். அதே மூச்சில், ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டாயா என்றும் கேட்டார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேணாம் மாமா. இந்த தொட்டியில என்னைக் கேக்காம இனிமே எதுவும் போடாதீங்க. கீழ்பென்னாத்தூருக்கு நான் போறேன். உங்க கிட்ட கேக்கல மாமா, சொல்றேன்.”

குரல் உயரவில்லை. அது எனக்கே ஆச்சரியம். மாமா தம்பியைப் பார்த்தார். பிறகு டீ குடிக்காமல் போய்விட்டார்.

அண்ணனிடம் இப்படிப் பேசிவிட்டாயே என்றார் இவர். ஆமாம், பேசிவிட்டேன் என்றேன். இன்னொரு தரம் பேசச் சொன்னாலும் இதையேதான் பேசுவேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கீழ்பென்னாத்தூரில் சேர்ந்துவிட்டேன். மேசையில் ஒரு கால் ஆடுகிறது. ஜன்னலுக்கு வெளியே வேர்க்கடலை மூட்டை ஏற்றுகிறார்கள். பிடித்திருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம். இனி தண்ணீரை எப்போது மாற்றுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கெட்டோடு நிற்கிறார். நாலு நாளாக என்னோடு சரியாகப் பேசாத மனுஷன். எவ்வளவு எடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். பாதி என்றேன். கூடமெல்லாம் ஈரம் பண்ணி வைத்தார். நானே துடைத்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அம்மோனியா குறைகிறது, அதைத் தின்ற நுண்ணுயிர் விடுகிற நைட்ரைட் ஏறுகிறது. அதுவும் விஷம்தான், ஆனால் வழியில் வரவேண்டிய ஊர். பயப்பட மாட்டேன்.

செப்டம்பர் 6, சனி

அம்மோனியா மஞ்சள். நைட்ரைட் வானநீலம். இரண்டும் பூஜ்யம்! நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தேன். அதேதான்.

இவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்ப தண்ணி ரெடியா என்றார். ரெடி என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் மாமாவிடமிருந்து போன். எங்கள் மாடி ரூமுக்கு வாடகைக்கு ஆள் பார்த்துவிட்டாராம், அடுத்த வாரம் குடிவருகிறார்களாம். இவர் தொட்டிப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் வைத்திருந்தேன். இவர் சொன்னது சமையலறைக்குக் கேட்டது.

“இல்லண்ணே. நாங்க ரெண்டு பேரும் இன்னும் பேசல. ஆள அனுப்பாதீங்க.”

அந்தப் பக்கம் மாமா வெகுநேரம் பேசியிருக்க வேண்டும். இவர் கடைசியில் மறுபடியும் இல்லண்ணே என்றார். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தியாகப் போட்டு டீயைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன்.