ஆறு பட்டை, ஒரு சைக்கிள்

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆணி இல்லை, திருகு இல்லை. ஆறு பட்டை, ஆறு கொக்கி, ஒரு இரும்புச் சட்டம். இதை நம்பிக் காரின் டிக்கியில் சைக்கிளைத் தொங்கவிட்டு ஊரைத் தாண்டி ஓட்டவேண்டுமாம். பெட்டியைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

குறிப்புத்தாளை என் வீட்டுக்காரர் படித்தார், நான் மாட்டினேன். அவர் படிப்பதைப் பார்க்கவேண்டும். தலையை இடமும் வலமும் நகர்த்தி, குழாய்க்குள் பார்ப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாக. இரண்டு வருடமாகப் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது. நடுவில் மட்டும்தான் தெளிவு. இருபது வருடம் பள்ளிக்கூட ஆய்வகத்துக்குச் சைக்கிளிலேயே போய்வந்த மனுஷன், இப்போது என் பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து போகிறார். ரோட்டில் சைக்கிள் கூடவே கூடாது என்று கண் டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். வண்டி வராத இடம், பகல் வெளிச்சம் என்றால் சரியாம். அப்படி ஒரு இடம் இருக்கிறது. நீர்த்தேக்கத்துக் கரைமேல் சைக்கிளுக்கென்றே போட்ட பாதை, இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி. அதற்குத்தான் இந்தக் கூத்தெல்லாம்.

மேலே இரண்டு கொக்கி, பக்கத்துக்கு ஒன்று, கீழே இரண்டு. பக்கிளில் பட்டையை இழுக்க இழுக்கச் சட்டம் காரோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் அவர் சட்டத்தைப் பிடித்து உலுக்கினார். சட்டம் அசையவில்லை, கார்தான் அசைந்தது. "அடேயப்பா!" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

ஏப்ரல் 7, திங்கள்

பட்டை நுனிகள் முழ நீளத்துக்குத் தொங்கிக்கொண்டு பார்க்கவே அசிங்கம். இருபத்திரண்டு வருடமாகப் பை தைக்கிறவள் நான். தொங்குகிற நுனியைக் கண்டால் கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடும். ஆறையும் வெட்டி, முனையை நெருப்பில் வாட்டிவிட்டேன். இப்போதுதான் லட்சணமாக இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

நீர்த்தேக்கத்துக்குப் போகிற வழியெல்லாம் என் பார்வை பின்பக்கக் கண்ணாடியிலேயே. பாதி வழியில் தூக்கிவாரிப் போட்டது. சைக்கிளின் முன்சக்கரம் தானாகச் சுற்றுகிறது! யாரோ ஏறி உட்கார்ந்து நம்மைத் துரத்துகிற மாதிரி. ஓரம் கட்டினேன். "காத்துதாம்மா. சக்கரத்தைக் கட்டணும்னு தாள்ல போட்டிருக்கு" என்றார். "இதை இப்பதான் சொல்றீங்களா?" என்று கத்திவிட்டு, கைக்குட்டையால் கட்டினேன்.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது?

வீட்டில் இந்த மனுஷன் நாற்காலி தடுக்கி விழுகிறார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார். தண்ணீர்த் தம்ளரைத் தேடிக் கை மேசை முழுக்க அலைகிறது. அதே ஆள் சைக்கிளில் ஏறி, ஒரு காலால் உந்தி... நூல் பிடித்த மாதிரி போகிறார். ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், மறுபக்கம் பள்ளம், நடுவில் அந்த நேர்கோட்டில் என் புருஷன். முதுகு நிமிர்ந்து, ஒரு ஆட்டம் இல்லை. வளைவில் திரும்பி மறைந்துபோனார். கார் கதவைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். இவரை நான் இதுவரை சரியாகப் பார்த்ததே இல்லையோ?

ஏப்ரல் 27, ஞாயிறு

மூன்றாவது வாரம். நாற்பது நிமிடத்தில் திரும்பிவந்தார். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டால், "வந்து பாரேன்" என்கிறார். நடந்தா போகமுடியும், போக வர ஆறு கிலோமீட்டர்?

மே 8, வியாழன்

காரில் கிளட்ச் போய்விட்டது. பத்து நாளாகும் என்றார் மெக்கானிக். திங்கள்கிழமை அவருக்குக் கண் பரிசோதனை. "டாக்டரம்மா போதும்னு சொல்லிட்டா, இந்த ஞாயிறுதான் கடைசி" என்று நேற்றுச் சாதாரணமாகச் சொன்னார், வெங்காயம் தீர்ந்துவிட்டது என்பதுபோல.

கொழுந்தனிடம் கேட்டேன். மறுபேச்சில்லாமல் தன் பெரிய காரைக் கொண்டுவந்து விட்டான். சட்டத்தை மாட்டினோம். கீழ்ப்பட்டை இரண்டும் எட்டவில்லை. நாலு விரற்கடை குறைகிறது.

"பட்டை இவ்ளோதானா, அண்ணி? யாரோ வெட்டின மாதிரி இருக்கே?"

யாரோ! நான்தான் என்றேன். அவர் திரும்பி என்னைத் தேடிப் பார்த்தார். "நீயா?" அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

என்ன புத்தி இது எனக்கு? எந்த வண்டிக்கும் பொருந்தட்டும் என்றுதானே செய்தவன் நீளமாக விட்டிருக்கிறான். அழகு பார்த்தேனாம் அழகு!

மே 9, வெள்ளி

நுனியில் ஒட்டுப்போட்டால் தடித்துப்போய்ப் பக்கிளில் நுழையாது. அதனால் கொக்கியோடு சேர்ந்த தையலையே பிரித்தேன். கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில், பெரிய பைக்குப் போடும் கனமான பட்டையை அதே அகலத்தில் எடுத்து, முழு நீளத்துக்குப் புதிதாகக் கோத்தேன். கட்டம் போட்டு, நடுவில் பெருக்கல் குறி. அதன்மேல் இன்னொரு சுற்று. லட்சம் தடவை போட்ட தையல்தான். இன்றைக்கு ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். பை கிழிந்தால் புத்தகம் விழும். இது கிழிந்தால்? பின்னால் வருகிறவன் தலையில் சைக்கிள்.

கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். எண்பத்தைந்து கிலோ ஆள். விஷயத்தைச் சொன்னேன். கொக்கியை உத்தரத்து இரும்பில் மாட்டி, பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு, இரண்டு காலையும் மடக்கித் தொங்கினார்! மொத்தக் கூடமும் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அப்படியே ஒரு ஆட்டம் வேறு. இறங்கி அடுத்த பட்டையிலும் தொங்கினார்.

"அக்கா, சைக்கிள் என்னக்கா, அத்தானையே கட்டித் தொங்க விடலாம்."

நான் தைத்த பட்டையில் ஒரு ஆள் தொங்குவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 11, ஞாயிறு

தாங்கியது. மேடு பள்ளம், வேகத்தடை, லாரி வீசிய காற்று, எல்லாவற்றுக்கும் தாங்கியது. மிச்ச நுனியைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டிருந்தேன். அவர் தடவிப் பார்த்து, "வெட்டலையா?" என்றார். மூன்று நாளில் முதல் பேச்சு. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இரண்டு தடவை போய்வந்தார். இரண்டாவது தடவை ஏன் என்று நான் கேட்கவில்லை.

மே 12, திங்கள்

பக்கப் பார்வையை அளக்கிற அந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். வெளியே நின்ற எனக்கு அவர் பொத்தான் சத்தம் கேட்டது. நடுவில் ரொம்ப நேரம் கேட்கவே இல்லை.

"இனிமே தனியா ஓட்டக் கூடாதுங்க" என்றார் டாக்டரம்மா. "முன்னாடி ஒருத்தர் வழிகாட்டிக்கிட்டுப் போனா, அந்த மாதிரி பாதையில கொஞ்ச நாள் ஓட்டலாம். எவ்வளவு நாள்னு கேக்காதீங்க."

கொழுந்தன் காரில் திரும்பும்போது அவர் சொன்னார்: "தம்பிக்கு முதுகு வலி. வேற யாரு இருக்கா? விடும்மா."

மே 14, புதன்

சட்டத்தை மடக்கித் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை.

மே 18, ஞாயிறு

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. நாற்பத்தொன்பது வயதில் இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. சின்ன வயதில் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் காபி ஆற்றும்போது சட்டென்று வாயில் வந்துவிட்டது: "ஏங்க, எனக்குக் கத்துக் குடுங்க."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். குளிக்கப் போனார். குளியலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது: "சீட் உயரத்தை இறக்கணும்."

மே 25, ஞாயிறு

பள்ளிக்கூட மைதானம். இரண்டு தடவை விழுந்தேன், ஒரு தடவை அவர்மேலேயே. கண் தெரியாதவர் பிடிக்க, ஓட்டத் தெரியாதவள் ஓட்ட, பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேனுக்கு நல்ல பொழுதுபோக்கு. "கீழ பாக்காத, தூரத்துல பாரு!" என்று ஒரே சத்தம். எனக்கு வந்ததே கோபம். தூரத்தில் பார்க்கச் சொல்கிற ஆளைப் பாரேன் என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளை விழுங்கிவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைக்குச் சீட்டை விட்டுவிட்டாராம். எப்போது விட்டார் என்றே தெரியாது. பாதி மைதானம் தாண்டித் திரும்பிப் பார்த்தால், அவர் அங்கேயே நிற்கிறார். நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் வேறு பக்கம் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஜூலை 6, ஞாயிறு

எனக்கு வாங்கிய, குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள் பரணிலிருந்து இறக்கிய அந்தச் சட்டத்தில் நிற்காது. அதற்கென்று ஒரு தனிக் கம்பி வாங்கி மாட்டினோம். காருக்குப் பின்னால் இரண்டு சைக்கிள். கண்ணாடியில் ரோடே தெரியவில்லை, பக்கக் கண்ணாடியை வைத்துத்தான் ஓட்டினேன்.

கரைமேல் நான் முன்னால். முதுகில் மஞ்சள் துணி தைத்த சட்டை, என் கைவேலைதான். அவர் பின்னால். "இடது பக்கம் கல்லு... இப்ப லேசா மேடு..." என்று சொல்லிக்கொண்டே போனேன். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வாயை மூடிட்டு ஓட்டும்மா. மஞ்சள் தெரியுது" என்றார்.

இத்தனை வாரம் அவர் மறைந்துபோன அந்த வளைவு. திரும்பினேன். கரை அங்கே முடிந்து தண்ணீர் மூன்று பக்கமும் விரிந்து கிடக்கிறது. இக்கரை தெரியும், அக்கரை இல்லவே இல்லை. ஆயிரக்கணக்கில் வெள்ளைப் பறவைகள், மேலே பாதி, தண்ணீருக்குள் பாதி. பிரேக் பிடிக்க மறந்து, காலை ஊன்றி எப்படியோ நின்றேன்.

அவரும் வந்து பக்கத்தில் நிறுத்தினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு தெரிகிறதோ, கேட்கத் தைரியம் இல்லை.

"என்னை ஏன் பாக்குற? நான் பாத்தாச்சு" என்றார். "நீ பாரு."

பார்த்தேன்.