டிஸ்க் இல்லாத பெட்டி

2024 ஏப்ரல் 28, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் படகுத்துறை ஜெட்டியில் கட்டிக் கிடக்கிறது. ஐஸ் பிளான்ட்டில் ஒரு கம்ப்ரஸரைக்கூட முழுநாள் ஓட்ட வேண்டியதில்லை. ஓவர்ஹால் வேலையைப் பார்த்துவிட்டு மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். வருஷமெல்லாம் அந்த இரைச்சலுக்குள் நின்று தொண்டை கிழியக் கத்துகிறவனுக்கு, காது என்று ஒன்று இருப்பதே இந்த இரண்டு மாதத்தில்தான் ஞாபகம் வருகிறது.

முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாகஸ்வரம் போட்டேன். கல்யாணி. வாசிக்கிறவர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடம் இருக்கிறதே, அந்த இடத்தில் ஈஈஈ என்று ஒரு கீச்சு. சன்னமாக, கம்பியை இழுத்துப் பிடித்த மாதிரி. கம்ப்யூட்டர்தான். உள்ளே ஹார்ட் டிஸ்க் சுற்றுகிறது, விசிறி சுற்றுகிறது. இத்தனை ஆசைப்பட்டு ஸ்பீக்கர் வாங்கி என்ன பிரயோஜனம்?

மனைவி ரஞ்சிதாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "விசிறி சத்தம் லேசாக் கேக்குது. நீங்க சொல்ற கீச்சு எனக்குக் கேக்கலைங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுதான்.

மே 2

அறந்தாங்கி போய் ஆத்மநாதனைப் பார்த்தேன். பாலிடெக்னிக்கில் என் பெஞ்சு. இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். கீச்சு கதையைச் சொன்னதும் சிரித்தான்.

"டிஸ்க்கு இருந்தாத்தானடா சத்தம்? டிஸ்க்கே இல்லாம ஓட்டிருவோம்."

சத்தம் போடுகிற பெரிய கம்ப்யூட்டரைக் கொல்லைப்பக்கத்து ஸ்டோர் ரூமுக்குத் தள்ளிவிடுவது. பாட்டு, சாஃப்ட்வேர் எல்லாம் அதில். முன்னறையில் கையகலத்தில் ஒரு பெட்டி. அதில் டிஸ்க் கிடையாது, விசிறி கிடையாது. சுவிட்சைப் போட்டால் லேன் கேபிள் வழியாகப் பெரியதைக் கூப்பிட்டு, தனக்கொரு விலாசம் வாங்கி, ஓடுவதற்கு வேண்டியதையும் அங்கிருந்தே இழுத்துக்கொள்ளும். "சொந்தமா ஒரு துரும்பு கெடையாது. எல்லாம் வயரு வழியா வாங்கிக்கிரும்" என்றான். அவன் கண் மின்னியது. ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் முழுவதையும் இதே முறையில் போட்டுத்தரப் பேசிக்கொண்டிருக்கிறானாம். "மொதல்ல ஒன் வீட்ல பண்ணிப் பாத்துக்கிறேன். அவுகளயும் கூட்டியாந்து காட்டுவேன், சரியா?"

சரி என்றேன்.

மே 11

சுவரைத் துளைத்து கேபிள் இழுத்தாயிற்று. வீடு முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. ரஞ்சிதா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

மே 12

பூட் ஆகவில்லை. மறுபடியும் பூட் ஆகவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து - ஃபைல் கிடைக்கவில்லையாம். எங்கே போயிருக்கும்? அங்கேதானே வைத்தோம்!

மே 14

ஆகிவிட்டது!

கண்டுபிடித்தது ஆத்மநாதன்தான். இன்டர்நெட்டுக்காக வைத்திருக்கிற ரவுட்டரும் விலாசம் கொடுக்கிறது, எங்கள் சர்வரும் கொடுக்கிறது. சின்னப் பெட்டி ரவுட்டர் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஃபைலைத் தேடித் திரிந்திருக்கிறது. "ஒரே வீட்ல ரெண்டு பேரு நாட்டாமை பண்ணா அது எங்கிட்டுப் போவும்?" என்று சொல்லி ரவுட்டரை அந்த வேலையிலிருந்து நிறுத்தினான். அடுத்த தடவை சுவிட்சைப் போட்டதும் எழுத்துகள் மளமளவென்று ஓடின. பாட்டு வந்தது. பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டோம்.

அதே கையோடு அடுக்களைக்கும் ஒரு பெட்டி போட்டான். ரஞ்சிதாவின் பழைய ரேடியோவை எடுத்துப் பரணில் போட்டேன். "ஒரு பாட்டு கேக்க ரெண்டு பொட்டி, ஒரு ரவுட்டரு ஓடணுமா? இத யாருங்க கேட்டா?" என்றாள். ஆனாலும் நாட்டுப்படகுக்காரரிடம் சொல்லிவைத்து ஊளி மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். ஆத்மநாதன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மே 15

காலையில் தனியாக உட்கார்ந்து கேட்டேன்.

கீச்சு இருக்கிறது.

மே 23

முன்னறையில் டிஸ்க் இல்லை, விசிறி இல்லை. பிறகு எங்கேயிருந்து வருகிறது? பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற அடாப்டராகத்தான் இருக்க வேண்டும். ஆத்மநாதன் அறந்தாங்கியிலிருந்து பைக்கில் வந்து வேறு அடாப்டர் மாட்டினான். போகவில்லை. அடுத்த நாள் இன்னொன்று. அதிலும் போகவில்லை. மட்டமான சாமானைக் கொண்டுவந்து தலையில் கட்டுகிறானோ? பள்ளிக்கூட ஆர்டர் வாங்குவதற்கு என் வீட்டை ஷோரூம் ஆக்கிவிட்டான், அவ்வளவுதான். எனக்கு என்ன செய்தான்?

ஜூன் 2

பாட்டு கேட்கும்போது பிரிட்ஜை நிறுத்தினேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். பால் திரிந்து, மீனெல்லாம் நாறிப் போனது.

"ஒங்க பாட்டுக்காக வீட்ல மூச்சுக்கூட விடக்கூடாதா?" என்று ரஞ்சிதா கேட்டாள். நான் பதில் சொன்னேன். "ஏங்க கத்துறீங்க, பக்கத்துலதான நிக்கிறேன்" என்றாள். நான் கத்தவில்லை. இவள்தான் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறாள்.

ஜூன் 9, ஞாயிறு

ஆத்மநாதன் வந்தான். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேடா முருகா."

"காது இருந்தாத்தான கேக்கும்."

"சும்மா சொல்லலடா. பெட்டிமேல காத வச்சுப் பாத்தேன். பாழுங்கிணத்துக்குள்ள மாதிரி அம்புட்டு அமைதியா இருக்கு."

"ஏமாத்துறவனுக்கு எல்லாம் அப்பிடித்தான் இருக்கும். பழசத் தொடச்சு மாட்டிட்டு, புதுசுன்னு பில்லப் போட்டுட்டல்ல?"

அவன் ஸ்க்ரூ டிரைவர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தான். ரஞ்சிதா காப்பி கொண்டுவந்தாள். குடிக்காமல் போனான்.

போகட்டும்.

ஜூன் 10

வாட்ஸப்பில் அறந்தாங்கி வட்டார இசை ரசிகர் குழுவில் எழுதிவிட்டேன். கடைப் பேரையும் போட்டேன். பழைய சாமானைப் புதுசென்று விற்கிறான், நம்பி வீட்டுக்குள் விடாதீர்கள் என்று. வாத்தியார்கள், வியாபாரிகள், டாக்டர்கள் எல்லாம் இருக்கிற குழு. உடனே நாலைந்து பேர் "தகவலுக்கு நன்றி" என்று போட்டார்கள்.

நாலு பேருக்கு நல்லதுதானே? எழுதியதில் என்ன தப்பு?

ஜூன் 15

தடை முடிந்தது. படகுகள் கடலுக்குப் போயின. மூன்று கம்ப்ரஸரும் ஓடுகின்றன. ஐஸ் லாரி வரிசை ரோடு வரை நிற்கிறது. அந்த இரைச்சலுக்குள் போய் நின்றதும் ஏனோ நிம்மதியாக இருந்தது.

ஜூன் 26

ரஞ்சிதா சந்தையில் ஆத்மநாதனின் மனைவி பிரகதீஸ்வரியைப் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்காரர்கள் லேப் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அந்தப் பள்ளித் தாளாளரும் நம் குழுவில் இருக்கிறாராம்.

"நீங்க எழுதுனதக் காட்டித்தான் வேண்டாம்னுட்டாகளாம். அந்தப் புள்ள மொகத்தப் பாக்க முடியலைங்க."

"நல்ல சாமான் வித்திருந்தா எதுக்குப் பயப்படணும்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை. எழுந்து பிளான்ட்டுக்குப் போய்விட்டேன். இன்றைக்கு எனக்கு டியூட்டி இல்லை.

ஜூலை 5

கடல் எல்லை தாண்டினார்கள் என்று அந்தப் பக்கத்துக் கடற்படைக்காரர்கள் நம் படகு இரண்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆட்களையும் சேர்த்து. ஜெட்டியில் பெண்கள் அழுகிறார்கள். யாரும் கடலுக்குப் போவதில்லை என்று சங்கத்தில் முடிவு. பிளான்ட்டை நிறுத்தச் சொல்லி முதலாளி போன் செய்தார்.

ஜூலை 8, திங்கள்

இதை எப்படி எழுதுவது.

வேலைநிறுத்தம். பிளான்ட் ஓடவில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டையும் நிறுத்திவிட்டார்கள். இன்வெர்ட்டரும் மதியத்துக்குள் செத்துவிட்டது. ரஞ்சிதா, பிடிபட்டவர்களின் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போயிருந்தாள். நான் முன்னறையில் படுத்திருந்தேன்.

சர்வர் ஓடவில்லை. ரவுட்டர் ஓடவில்லை. பிரிட்ஜ் இல்லை, ஃபேன் இல்லை, தெருவில் ஒரு வண்டி இல்லை.

ஈஈஈஈஈ.

எழுந்து பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். சுவரிலிருந்து அடாப்டரைப் பிடுங்கினேன். கரண்டே இல்லாத வீட்டில் எதைப் பிடுங்கி என்ன ஆகப்போகிறது? கொல்லைக்குப் போனேன். அங்கேயும் இருந்தது. கடற்கரைவரை நடந்தேன். கூடவே வந்தது. இரண்டு காதையும் விரலால் அடைத்தேன் -

அடைத்ததும் கூடிவிட்டது. ஐயோ. உள்ளேதான் இருக்கு. அது எனக்குள்ளதான் இருக்கு.

ஆத்மா தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டானே. கேக்கலைடான்னு சொன்னானே.

ஜூலை 9

ரஞ்சிதாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"ரொம்ப நாளா டிவிய கூட்டிக் கூட்டி வைக்கிறீங்க. காலிங்பெல்லு அடிச்சா ஒங்களுக்குக் கேக்குறதில்ல. போயி டாக்டரப் பாருங்கன்னு சொன்னா, என்னயச் செவிடன்ங்கிறியான்னு சண்டைக்கு வருவீங்க. அதான் விட்டுட்டேன்."

ஜூலை 13

புதுக்கோட்டைக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தோம். கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். சுவரெல்லாம் மெத்தை. நான் வீட்டில் ஆசைப்பட்ட சத்தமில்லாத அறை இதுதான். முதலில் வந்த தடித்த சத்தங்களுக்கு அழுத்தியதோடு சரி, பிறகு ஒன்றுமே கேட்காமல் பட்டனை அழுத்தவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரஞ்சிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகச் சும்மாவாவது அழுத்தலாமா என்று தோன்றியது.

டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். ஐஸ் பிளான்ட்டில் சூப்பர்வைசர் என்றதும் தலையை ஆட்டினார்.

"மேல் சுருதி சத்தமெல்லாம் ஒங்களுக்குக் கேக்குறது போயிருச்சு. அந்தக் காலி எடத்துல மூளையே ஒரு சத்தத்தப் போட்டு நெரப்பிக்கிருது. வெளிய இருந்து வரல."

"எப்ப நிக்கும்?"

"நிக்கும்னு சொல்ல முடியாது. பழகிக்கலாம். காதடைப்பான் இல்லாம பிளான்ட்டுக்குள்ள போகாதீங்க. ஒரு ஃபேன், ரேடியோ, ஏதாவது ஓடிக்கிட்டே இருக்கட்டும். ரொம்ப அமைதியான ரூமுல மட்டும் உக்காராதீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரஞ்சிதா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் பிடித்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

ஜூலை 14

பரணிலிருந்து அவளுடைய ரேடியோவை இறக்கித் துடைத்து வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. "அந்தச் சின்னப் பெட்டியே இருக்கட்டும். அந்த அண்ணன் போட்டுக்குடுத்தது நல்லாத்தான் ஓடுது" என்றாள்.

ஜூலை 21, ஞாயிறு

அறந்தாங்கி. ஆத்மநாதன் கடை திறந்துதான் இருந்தது, வாடிக்கையாளர் யாரும் இல்லை. அவன் என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கொடுத்த தாளைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"ஒனக்கு இப்பிடி ஆனது எனக்குக் கஷ்டமாத்தாண்டா இருக்கு. நெசமாச் சொல்றேன்."

"குழுவுல தப்புன்னு எழுதிர்றேன் ஆத்மா. பள்ளிக்கூடத்துக்கும் நேர்ல போயிச் சொல்றேன்."

"அங்க வேற ஆளு வந்து வேலய முடிச்சுட்டான். நீ போயி என்னத்தச் சொல்லுவ?" கொஞ்ச நேரம் மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "எனக்குக் கேக்கலைன்னு சொன்னேன்ல. வெளியாளு சொன்னா நம்ப மாட்ட, சரி. என்னய நம்பிருக்கலாம்ல?"

டாக்டர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். ஒரு வாடிக்கையாளர் வந்தார். ஆத்மநாதன் அவரைக் கவனிக்கப் போனான். நான் வந்துவிட்டேன்.

ஜூலை 22

குழுவில் எழுதினேன். குறை சாமானில் இல்லை, என் காதில்தான், ஆத்மநாதன் நேர்மையானவன், நான் எழுதியது பொய் என்று. எழுதி அழித்து எழுதி அழித்து, கடைசியில் போட்டேன்.

பழி போட்டபோது வந்த நன்றிகளில் பாதிகூட வரவில்லை. ஒருவர் கும்பிடு போட்டிருந்தார். இன்னொருவர், "அப்படியானால் ஸ்பீக்கரை விற்கிற யோசனை உண்டா சார்?" என்று கேட்டிருந்தார்.

ஜூலை 23

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தாளாளர் வெளியூர் என்றார்கள். அவருடைய கார் வாசலில் நின்றது.

ஆகஸ்ட் 18

ஆத்மநாதன் தோஹாவுக்குப் போய்விட்டான். ஒரு கம்பெனியில் கேபிள் இழுக்கிற வேலையாம். ரஞ்சிதா சொல்லித்தான் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 17

பிளான்ட் ஆபீஸ் கம்ப்யூட்டர் இடி விழுந்ததில் போய்விட்டது. முதலாளி யாரிடமாவது காட்டச் சொன்னார். அறந்தாங்கியில் வேறு கடைகள் இருக்கின்றன. கால் அங்கேதான் போனது.

கடையைப் பிரகதீஸ்வரி பார்த்துக்கொள்கிறாள். வேலைக்கு ஒரு மெக்கானிக் வைத்திருக்கிறாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து என்னை அண்ணே என்று கூப்பிட்டவள். அவர்கள் வீட்டு வளைகாப்புக்கு நானும் ரஞ்சிதாவும்தான் முன்னால் நின்றோம். பெட்டியை மேஜைமேல் வைத்தேன். பில் புத்தகத்தை எடுத்தாள்.

"என்ன கம்ப்ளைன்ட்டு?"

"ஆன் ஆகமாட்டேங்குதும்மா. இடி விழுந்துச்சு."

எழுதினாள். தலையை நிமிர்த்தாமல் அடுத்து ஏதோ கேட்டாள். எனக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

"என்னம்மா?"

கொஞ்சம் குரலை உயர்த்தி, காது கேட்காத ஆளிடம் பேசுகிற பக்குவத்தோடு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஒங்க பேரு சொல்லுங்க."

திருமுருகன் என்றேன். எழுதிக்கொண்டாள்.