அன்னப்பூரணிக்கு ஒரு வீடு

1996 பெப்ரவரி 11

டியூட்டரியில் இன்று பொருளியல் வகுப்பு, பாடம் அமையச் செலவு. ஒன்றை எடுப்பதற்காக எதைக் கைவிடுகிறோமோ, அதுதான் எடுத்ததன் உண்மையான விலை என்று சொல்லி, வழக்கம்போல நெல்லையும் மிளகாயையும் பலகையில் எழுதினேன். ஒரு வயல், இரண்டு பயிர். வருடக்கணக்காக அதே வயல். எனக்கே அலுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் மனைவி மங்கையற்கரசி பாஸ்போட்டுக்குப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். லெபனானுக்குப் போகப்போகிறாளாம், வீட்டு வேலைக்கு; மகள் அன்னப்பூரணிக்கு வீடு கட்ட.

"அன்னத்துக்கு வயசு போகுது. வீடில்லாம ஆரு வருவான்? உங்கட டியூட்டரிச் சம்பளத்தில அத்திவாரம் வெட்டவும் காணாது."

இங்கே பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். நானும் அப்படித்தான் தேற்றாத்தீவுக்கு, மங்கையின் வீட்டுக்கு வந்தேன். அந்த வீடு தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எரிந்தது. இப்போது அதே வளவில் கிடுகுக் குடிலில் இருக்கிறோம்.

1996 மார்ச் 3

போய்விட்டாள். "ரெண்டு வரிசந்தானே" என்றாள் பஸ்ஸில் ஏறும்போது.

1996 ஜூலை 19

தொழிலாளர் வெளிநாடு செல்வதன் நன்மை தீமைகள் படிப்பித்தேன். நோட்ஸ் நான் எழுதியதுதான். நன்மைகள் ஒரு பக்கம் நிறைய: அந்நியச் செலாவணி, சேமிப்பு, இன்னும் என்னென்னவோ. தீமைகளில் கடைசியாக, 'குடும்பப் பிரச்சினைகள்'. அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். தாய்மார் குவைத்திலும் சவூதியிலும் இருக்கிற பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். குனிந்தபடி அந்த வரியைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

1997 செப்டம்பர் 8

சுவர் ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. சீமெந்து கொண்டுவர இராணுவ முகாமில் பாஸ் எடுக்க வேண்டும், இந்தக் கிழமையும் தரவில்லை. வகுப்பில் திறந்த பொருளாதாரம் படிப்பிக்கிறேன். வெளியே வந்தால் ஒரு பை சீமெந்து என்னத்துக்கு என்று ஆளாளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். களைப்பாக இருக்கிறது.

1998 பெப்ரவரி 20

அடுத்த மாதம் அவள் வரவேண்டும். அவள் பேசிப் பதிந்த கெசற்தான் வந்தது. கடிதத்தை விட இப்போது இதுதான், குரலையாவது கேட்கலாம்.

"இஞ்சேருங்க, கூரைக்கு ஓடு போடுவம். தகரம் போட்டா மாப்பிள்ள வீட்டார் நொட்ட சொல்லுவாங்க. இன்னும் கொஞ்ச நாள் நிண்டு உழைச்சிட்டு வாறன்."

மனிதத் தேவைகள் எல்லையற்றவை. முதல் நாள் முதல் பாடம்.

ஓடும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம், நீ வந்தாக் காணும் — இப்படித்தான் பதிலைப் பதிந்தேன். பிறகு அன்னத்தின் முகத்தைப் பார்த்தேன். அதை அழித்துவிட்டு, "சரி, ஓடே போடுவம்" என்று பதிந்து அனுப்பினேன்.

1999 மே 27

அன்னத்தின் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வினாயகமூர்த்தி, சித்தாண்டிப் பொடியன், வயல்காரன், நல்ல குணம். மங்கை வரவில்லை. டிக்கெற்றுக்கு வைத்திருந்த காசு ஓட்டோடு போய்விட்டது. அவளுக்கு அனுப்ப வீடியோ எடுத்தார்கள். வீடு இனி மகளுடையது. நான் பழைய குடிலிலேயே படுக்கிறேன். பெற்றவர்களின் இடம் அதுதானே.

1999 ஆகஸ்ட் 14

இராணுவச் சுற்றிவளைப்பு. மருமகனை மறுபடியும் பிடித்துக்கொண்டு போய்ப் பின்னேரம் விட்டார்கள். வந்தவன் சாப்பிடவில்லை.

"அப்பா, இவர இஞ்ச வச்சிரிக்க ஏலா," என்றாள் அன்னம். "கத்தாருக்கு அனுப்புவம். அது சரிவாற வரைக்கும் ரெண்டு பேரும் கொழும்பில நிக்கிறம்."

"ஏஜென்சிக்குக் காசு?"

"அம்மாட்டக் கேட்டன். இன்னும் ரெண்டு வரிசம் நிக்கிறாவாம்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் வேண்டாம் என்றிருப்பேனா? அவன் உயிரோடு இருக்க வேண்டும். ஆனால் மங்கை போனது இந்த வீட்டுக்கு. இப்போது நிற்பது இந்த வீட்டிலிருந்து ஒருவனை வெளியே அனுப்ப. இது எந்தப் பொருளியலில் வருகிறது?

1999 செப்டம்பர் 30

இருவரும் போய்விட்டார்கள். ஆளில்லாத வீட்டை முகாமுக்கு எடுத்துவிடுவார்கள் என்று பயம். அதனால் குடிலை விட்டு முன் விறாந்தைக்கு வந்துவிட்டேன். மகளின் வீட்டுக்கு இப்போது நான் காவல்.

1999 ஒக்டோபர் 5

புதிய வகுப்பு. மறுபடி அமையச் செலவு. நெல்லையும் மிளகாயையும் விட்டுவிட்டு, 'வீடு' என்று எழுதினேன். அதற்கு எதிரே எழுத வேண்டியது தெரியும். அழித்துவிட்டுப் பழைய வயலுக்கே திரும்பினேன்.

1999 ஒக்டோபர் 17

கெசற் வந்தது. குரல் மெலிந்திருக்கிறது.

"கலியாண வீடியோவில சனந்தான் தெரியிது, வீடு வடிவாத் தெரியல்ல. நம்மட அறை எதுங்க?"

நமக்கென்று அறை கட்டவேயில்லை. அது அவளுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

கதவுகளை எல்லாம் திறந்துவிட்டு நடுவில் உட்கார்ந்து பதிந்தேன். "எல்லா அறையும் சும்மாதான் கிடக்கு, மங்கை. வந்து உனக்குப் பிடிச்சத எடு. ஓடு போட்டாச்சு, எல்லாம் போட்டாச்சு. நீ வா."

இந்த முறை அழிக்கவில்லை.